பதினொன்றாவது டேக்

நவம்பர் 17, திங்கள்

வந்து சேர்ந்தாயிற்று. சேலத்திலிருந்து ஒன்றேகால் மணி நேர பஸ். இந்தக் கல்லூரியின் பெயரை எழுதக் கை கூசுகிறது. தாளாளர் தன் அப்பா பேரையும் அம்மா பேரையும் ஒட்டவைத்து, முன்னால் ஒரு ஸ்ரீயும் பின்னால் ஒரு டெக்கும் போட்டிருக்கிறார். சென்னையில் பதினான்கு வருடம் அசோசியேட் டைரக்டர். சொந்தப் படம் ஒன்று, பத்தொன்பதாம் நாள் படப்பிடிப்போடு நின்றது. இப்போது பொறியியல் கல்லூரிப் பிள்ளைகளின் விளையாட்டுச் சாதனைகளைப் பற்றி நாற்பது நிமிட ஆவணப்படம். எனக்குக் கிளாப் அடித்த பயல் இன்று பெரிய டைரக்டர். அவன்தான் சிபாரிசு செய்தான். “அண்ணே, உங்க லெவலுக்கு இது இல்லதான், ஆனா...” என்றான். அந்த “ஆனா”வுக்காகவே அவனை அறைந்திருக்க வேண்டும்.

தாளாளர் சோபாவில் சாய்ந்துகொண்டு சொன்னார்: “டைரக்டர் சார், பாக்கறவன் கண்ணுல தண்ணி வரோணுங்க. அதே சமயம் ஏழு பிளாக்கும் தெரியோணும்.”

“கண்ணீர் வழியா கட்டடம் தெரியுமா சார்?” என்று கேட்டேன்.

“ட்ரோன் வச்சு எடுங்க” என்றார்.

கேமராமேன் பெனடிக்ட், ஆத்தூர்க்காரர், கல்யாண வீடியோ எடுப்பவர். எதைக் கண்டாலும் ஸ்லோமோஷன் என்கிறார். ரூமில் கொசு. ராத்திரிச் சாப்பாடு எலுமிச்சம் சாதம்.

நவம்பர் 19, புதன்

கோப்பை அறையைக் காட்டினார்கள். கண்ணாடி அலமாரியில் நூற்றுச் சொச்சம் கோப்பைகள். நடு வரிசையில் இருப்பது தாளாளரின் மகன் எட்டாம் வகுப்பில் ஷட்டில் விளையாடி வாங்கியது. அதற்கு மட்டும் தனி பல்பு.

கபடிப் பையன்கள் பதினான்கு பேரை உட்காரவைத்துப் பேசச் சொன்னேன். பதினான்கு பேரும் “கடின உழைப்பு, விடாமுயற்சி” என்றார்கள். எல்லாம் யூடியூபில் கற்றது. தொடை இருக்கிற அளவுக்குத் தலையில் ஒன்றும் இல்லை. எனக்கு வேண்டியது கதை.

கடைசியில் பி.டி. மேடம் வந்தார். பெயர் மரகதம், ஐம்பது வயதிருக்கும். கழுத்தில் விசில், கையில் ஸ்டாப் வாட்ச், முகத்தில் என்னைப் பார்த்த எரிச்சல். எண்ணூறு மீட்டர் ஓடும் பெண் ஒருத்தி இருக்கிறாள், சுகப்பிரியா, இறுதி வருடம் என்றார்.

“அவளோட கதை என்ன மேடம்?” என்றேன்.

“கதையெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. ரெண்டு நிமிசம் எட்டு செகண்டுல ஓடறா. அதுதான் கதை.”

டிசம்பர் இருபதாம் தேதி புவனேஸ்வரில் அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டி இருக்கிறதாம். முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் ரயில்வேயில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்குக் கூப்பிடுவார்களாம். போன வருடம் ஐந்தாவது. இந்த வருடம்தான் கடைசி வாய்ப்பு, அடுத்த வருடம் மாணவியே கிடையாது. “ரெண்டு எட்டு ஓடினா கட்டாயம் மூணுக்குள்ள” என்று மேடம் ஸ்டாப் வாட்சைத் தட்டிக் காட்டினார்.

சரி, ஆள் கிடைத்தாயிற்று.

நவம்பர் 22, சனி

சுகப்பிரியாவைப் பேட்டி எடுத்தேன். வீண். சிரித்துக்கொண்டே இருக்கிறாள். வாழ்க்கையில் பட்ட கஷ்டம் என்ன என்று கேட்டால் மேல்நோக்கி யோசித்துவிட்டு, “மேத்ஸ் த்ரீ அரியர் வச்சிருந்தேன் சார்” என்கிறாள். பசியோடு ஓடியிருக்கிறாயா என்று கேட்டேன். “ஓடறதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி சாப்பிடக் கூடாதுல்ல சார்?” என்று என்னையே திருப்பிக் கேட்டாள்.

ரூம்மேட்டாம் பிரகதி, குண்டு எறிபவள், பக்கத்தில் நின்று என்னை முறைத்துக்கொண்டே இருந்தாள். அந்தப் பெண் குண்டை என் மேல் எறியாதது என் பாக்கியம்.

கிளம்பும்போது கேன்டீன் வாசலில் செருப்பு வார் பிய்ந்துவிட்டது. நாலு பிள்ளைகள் பார்த்துச் சிரித்தன. சுகப்பிரியா பையைக் கிளறி ஒரு ஊக்கு எடுத்துக் கொடுத்தாள். “நெஞ்சுல நம்பர் குத்தறதுக்கு வச்சிருக்கறது சார். ஒரு ரேஸுக்கு நாலு வேணும், நான் எப்பவும் பத்து வச்சிருப்பேன்.” கேட்காமல் செய்யும் உபகாரம் எனக்குப் பிடிப்பதில்லை. குத்திக்கொண்டேன்.

நவம்பர் 27, வியாழன்

முசிறிப் பக்கம் அவள் வீட்டுக்குப் போனோம். நான் மனதில் வைத்திருந்தது ஓலைக் கூரை, புகை மூட்டம், விறகு சுமக்கும் அம்மா. இருந்தது கான்கிரீட் வீடு, டைல்ஸ் தரை, வாஷிங் மெஷின். அப்பா சொந்தமாக மினி பஸ் ஓட்டுகிறார். பஸ்ஸின் முன் கண்ணாடியில் மகள் ஓடுகிற படத்தை ஸ்டிக்கராக ஒட்டியிருக்கிறார். நாட்டுக்கோழிக் குழம்பு வைத்து வயிறு முட்டச் சோறு போட்டார்கள். இவர்களை வைத்துக்கொண்டு யாரை அழவைப்பது?

பக்கத்து வீட்டு ஆட்டுக் கொட்டகை வாசலில் அம்மாவை உட்காரவைத்து எடுத்தேன். கழுத்துச் செயினைக் கழற்றச் சொன்னேன். பாவம், கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

“எங்க வீட்ட எடுக்கலியா சார்? நேத்து முழுக்க ஒட்டடை அடிச்சோம்” என்றாள்.

“அது அப்புறம் எடுப்போம்மா” என்றேன். பெனடிக்ட் என் முகத்தைப் பார்க்காமல் லென்ஸைத் துடைத்தார். கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளையின் வழுக்கையை மறைத்து எடுக்கிற மனுஷன், அவருக்கு என்ன திடீரென்று நியாயம்?

டிசம்பர் 1, திங்கள்

தாளாளருக்கு இரண்டு நிமிட மாதிரி போட்டுக் காட்டினேன். “கட்டடம் நல்லா வந்திருக்குதுங்க. புள்ள சிரிச்சுட்டே இருக்குதே, என்ன பிரயோசனம்? அழுவாச்சி எங்க?” என்றார். அந்த ஆளுக்குப் படம் என்றால் என்னவென்று தெரியாது. ஆனால் சொன்னது சரி. கையில் ஒன்றுமில்லை.

சாயந்திரம் மைதான கேலரிக்குப் பின்னால் நின்று மகள் ஆதிரைக்குப் போன் செய்தேன். அவள் அம்மா ஊரில் இல்லாததால் அவளே எடுத்தாள். பத்தாவது படிக்கிறாள். வேலை எப்படிப் போகிறது என்று கேட்டாள். நன்றாகப் போகிறது என்றேன். துணி துவைத்தேன். சோப்பு தீர்ந்துவிட்டது.

டிசம்பர் 6, சனி

இன்றுதான் படம் பிறந்தது.

ஹாஸ்டலுக்குப் பின்னால் ஏரிக்கரையை ஒட்டிப் போகும் தார் ரோடு. ஆறேகாலுக்குச் சூரியன் எழும்பும்போது எதிரிலிருந்து ஒரு பெண் வெறுங்காலோடு ஓடி வருகிறாள். இவ்வளவுதான் ஷாட். இதற்குத்தான் இத்தனை நாள் காத்திருந்தேன். மரகதம் மேடம் ஏதோ கூட்டத்துக்குக் கோவை போயிருந்தார். நல்லதாய்ப் போயிற்று, அவர் இருந்தால் விசில் ஊதியே கெடுத்திருப்பார்.

வந்தவுடனே ஆரம்பித்தாள். “சார், ஷூ போட்டுக்கறேனே. வெறுங்கால்ல புல்லுல மட்டும்தான் ஓடணும்னு மேம் சொல்லியிருக்காங்க.”

“ஷூ போட்டுக்கிட்டு ஓடறத யாரும்மா பாப்பாங்க? அதான் டிவில தெனமும் ஓடுறாங்களே” என்றேன். சிரித்துவிட்டுக் கழற்றினாள். ஷூவை ஒழுங்காக ஜோடி சேர்த்து மைல்கல் பக்கத்தில் வைத்தாள்.

முதல் நான்கு டேக் உருப்படியில்லை. ஒன்றில் பால்காரர் பைக், ஒன்றில் நாய், ஒன்றில் பெனடிக்டின் ஃபோகஸ், ஒன்றில் இவள் சிரிப்பு. ஐந்தும் ஆறும் பரவாயில்லை. ஏழில் ரோட்டோரம் கொட்டி வைத்திருந்த ஜல்லியில் ஏதோ ஒன்று காலில் பட்டது என்று உட்கார்ந்துவிட்டாள். இடது குதிகால். ரத்தம் கித்தம் ஒன்றும் இல்லை. பெனடிக்ட், “போதும் சார், ஆறாவதே நல்லாருக்கு” என்றார். கல்யாண வீடியோவில் தாலி கட்டுவது ஒரே டேக், அந்தப் பழக்கம். நான் அவளைத்தான் பார்த்தேன்.

“முடியுமாம்மா?”

என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். “முடியும் சார். லைட்டு போயிரப் போகுது, வாங்க” என்றாள்.

எட்டாவதிலிருந்து அவள் மூச்சுச் சத்தம் வேண்டுமென்று சட்டைக் காலருக்குள் சின்ன மைக்கை வைத்து, ரெக்கார்டரை இடுப்பில் செருகிவிட்டேன். பதினொன்றாவது டேக். அடேயப்பா! ஓட்டத்தில் ஒரு தயக்கம், முகத்தில் ஒரு வலி, ஒவ்வொரு அடியையும் தரையிடம் கேட்டுக் கேட்டு வைக்கிறாள். நடித்து வராது, சொல்லிக் கொடுத்தும் வராது. பதினான்கு வருடம் யார் யாருக்கோ வேலை செய்து நான் ஒரு முறைகூடப் பார்க்காத ஷாட். “ஓகே!” என்று கத்தினேன். ரோட்டில் போன கிழவர் திரும்பிப் பார்த்தார்.

கேன்டீனில் எட்டு மணிக்கு டிபன் முடிந்துவிடும். நானும் பெனடிக்டும் ஓடினோம். பொங்கல். வடை தீர்ந்துவிட்டது.

மதியம் கேன்டீன் வாசலில் சுகப்பிரியா வந்து, “சார், இத மறந்துட்டீங்க” என்று மைக்கையும் ரெக்கார்டரையும் கொடுத்தாள். பச்சை விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. ஐந்தாறு மணி நேரக் குப்பை பதிவாகியிருக்கும். அணைத்துப் பையில் போட்டேன்.

டிசம்பர் 9, செவ்வாய்

இரண்டு நாளாக சுகப்பிரியா மைதானத்துக்கு லேட். வந்தாலும் ஓரமாக உட்கார்ந்து கையை வீசிக்கொண்டிருக்கிறாள். ஒரு ஷாட்டில் நன்றாக வந்துவிட்டால் உடனே ஹீரோயின் பந்தா. நடிகைகளிடம் பார்க்காததா?

டிசம்பர் 12, வெள்ளி

மரகதம் மேடம் எடிட்டிங் ரூமுக்கே வந்துவிட்டார். எடிட்டிங் ரூம் என்றால் கெமிஸ்ட்ரி லேப் பக்கத்தில் பழைய ஸ்டோர்.

“சார், சுகப்பிரியா காலுக்கு என்ன ஆச்சுன்னு உங்களுக்குத் தெரியுங்களா? ஹாஸ்டல் படியில எறங்கறப்ப தப்பா வச்சுட்டேங்கறா. படியில வச்சா கணுக்கால் போகும், இவளுக்குக் குதிகால் கன்னிப் போயிருக்குது.”

“தெரியாது மேடம்” என்றேன்.

“ரேஸுல போடற ஸ்பைக்ஸ் ஷூவுல குதிகாலுக்கு மெத்தையே கெடையாதுங்க. ஒவ்வொரு அடியும் எலும்புல வுழும். எட்டு நாள்தான் இருக்குது” என்று சொல்லிவிட்டு என் மானிட்டரைப் பார்த்தார். திரையில் நல்லவேளையாகத் தாளாளர் பேசிக்கொண்டிருந்தார்.

எனக்கு என்ன தெரியும்? நான் டாக்டரா? அவளே படி என்று சொல்கிறாள். அவள் கால் அவளுக்குத் தெரியாதா? இந்த வயதுப் பிள்ளைகள் பகல் முழுக்கப் படியில்தான் உருள்கின்றன, ரீல்ஸ் எடுக்கிறேன் என்று.

டிசம்பர் 15, திங்கள்

ஜுரம் மாதிரி இருந்தது. வெளியே போகவில்லை.

டிசம்பர் 18, வியாழன்

ரயில். முப்பது மணி நேரம். எதிர் சீட்டில் கபடிப் பையன்கள் பாட்டுப் போட்டுக் காதைக் கிழிக்கிறார்கள். மேல் பர்த்தில் சுகப்பிரியா காலைத் தலையணை மேல் தூக்கிவைத்துப் படுத்திருக்கிறாள். பிரகதி ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இறங்கி, தண்ணீர் விற்பவரிடம் கெஞ்சி ஐஸ் வாங்கி வந்தாள். விஜயவாடாவில் எனக்கு டீ வேண்டுமா என்று சுகப்பிரியா மேலிருந்தே கேட்டாள். வேண்டாம் என்றேன். பிரகதி அதற்கும் முறைத்தாள்.

டிசம்பர் 20, சனி

காலையில் ஹீட்ஸ். இரண்டாவதாக வந்து பைனலுக்குப் போனாள். பார்த்தாயா, ஒன்றுமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மாலை நாலரைக்கு பைனல். எட்டுப் பெண்கள். முதல் ரவுண்டில் மூன்றாவதாக, உள்பக்கத்தை ஒட்டி, அழகாகப் போனாள். அறுநூறு மீட்டரில் இரண்டாவது. மேடம் என் பக்கத்தில் நின்று வாட்சைப் பார்த்து, “சரியாப் போறா, சரியாப் போறா” என்று முனகிக்கொண்டிருந்தார். கடைசி வளைவில் எல்லாரும் வேகமெடுத்தார்கள். வளைவில் இடது காலில்தான் பாரம் விழுமாம், மேடம் அப்புறம் சொன்னார். அவளுக்கு அடி குறுகியது. ஹரியானாப் பெண் தாண்டினாள். கேரளாப் பெண் தாண்டினாள். கோட்டுக்கு முன் அவள் நெஞ்சை நீட்டியது கேமராவில் தெரிகிறது.

நான்காவது.

இரண்டு நிமிடம் பத்து. மூன்றாவதாக வந்தவள் இரண்டு ஒன்பது. எட்டு ஓடுகிறவள் எட்டு ஓடியிருந்தால் வெண்கலம்.

பெனடிக்ட் கேமராவை இறக்கிவிட்டார். “கேமரா ஓடிட்டிருக்கட்டும், முகத்த எடு” என்று கத்தினேன். எடுக்கவில்லை. நானே பிடுங்கி எடுத்தேன். அழவில்லை அவள். நெஞ்சிலிருந்த நம்பர் துணியைக் கழற்றி, நாலு ஊக்கையும் ஒன்றொன்றாகப் பூட்டி, பைக்குள் போட்டாள்.

டிசம்பர் 22, திங்கள்

திரும்பும் ரயிலில் யாரும் பாட்டுப் போடவில்லை.

டிசம்பர் 29, திங்கள்

ஏரிக்கரை ஷாட்டுக்கு மூச்சுச் சத்தம் தேவைப்பட்டது. ரெக்கார்டரைத் தேடி எடுத்துக் கேட்டேன். பதினொன்றாவது டேக்கின் மூச்சு இருந்தது. மூச்சுக்கு நடுவில் “அம்மா, அம்மா” என்று மெதுவாக ஒரு சத்தமும் இருந்தது. அன்று கேமராப் பக்கம் கேட்கவில்லை. பிறகு நான் “ஓகே!” என்று கத்துவது. பிறகு “பெனடிக்ட், வாங்க வாங்க, வடை தீந்துரும்” என்கிற என் குரல். நல்ல குரல்தான், டப்பிங்குக்கு ஆகும்.

அணைத்திருக்க வேண்டும். அணைக்கவில்லை. ஹாஸ்டல் கதவு. கட்டில் சத்தம். பிரகதியின் குரல்.

“காட்டுடி. ஐயோ, கறுத்துப் போச்சுடி! இன்னிக்கே மேம்கிட்ட சொல்லு.”

“சொன்னா மேம் நேரா கரஸ்பாண்டன்ட் ரூமுக்குப் போய்ச் சண்ட போடுவாங்க. அந்த சாரத் தொரத்திருவாங்க.”

“தொரத்தட்டுமே! வாயத் தொறந்தா நக்கல். நம்மள எல்லாம் மனுசங்களாவே பாக்க மாட்டாரு. அந்தாளுக்காக நீ ஏன்டி வலிக்க வலிக்க ஓடுன?”

ஃபேன் சத்தத்துக்கு நடுவில் சுகப்பிரியாவின் குரல்.

“திங்கக்கெழம கேலரிக்குப் பின்னாடி நான் ஸ்ட்ரெச் பண்ணிட்டிருந்தேன்டி. அவரு பொண்ணுகிட்ட போன்ல பேசிட்டிருந்தாரு. அப்பா பெரிய படம் பண்றேன், ஜனவரில தியேட்டருக்கு வரும், உன் ஃப்ரெண்ட்ஸ எல்லாம் கூட்டிட்டுப் போலாம்னு. அந்தப் பொண்ணு நம்பல போல. ‘சத்தியமாம்மா, சத்தியமாம்மா’ன்னு மூணு தடவ சொன்னாரு. எங்கப்பா வயசுடி அவருக்கு. செருப்புல ஊக்கக் குத்திட்டு நிக்கறாரு. பாவமா இருந்துச்சு. இந்த ஒண்ணாச்சும் அவருக்கு நல்லா வரட்டும்.”

“உனக்கு ரேஸுடி, லூசு.”

“ரெண்டு வாரம் இருக்குல்ல. சரியாயிரும். போய் ஐஸ் வாங்கிட்டு வா.”

அதற்குமேல் கேட்கவில்லை.

இத்தனை நாள் நான் இவர்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டுக்கொண்டிருப்பதாக நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது. வேறு வார்த்தை தேடினேன், கிடைக்கவில்லை.

டிசம்பர் 31, புதன்

மரகதம் மேடத்தின் அறை வரை போனேன். உள்ளே ஜாவலின் எண்ணிக்கொண்டிருந்தார். “என்னங்க சார்?” என்றார். குடிக்கத் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டேன். கொடுத்தார். குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

ஜனவரி 5, திங்கள்

வெறுங்கால் ஷாட்டை வெட்டி எடுத்துவிட்டேன். ஆட்டுக் கொட்டகையையும் எடுத்துவிட்டேன். அவள் சிரிப்பதும் மைதானமும் பைனல் ஓட்டமும் மட்டும். முப்பத்தோரு நிமிடம் வந்தது. பதினான்கு வருடத்தில் நான் செய்த நேர்மையான வேலை இதுதான் என்று நினைத்தேன்.

தாளாளர் பார்த்தார். “ஏனுங்க, ஏரிக்கரையில ஒரு புள்ள வெறுங்கால்ல ஓடிவருமே, அது எங்க? உங்க கேமராமேன் ட்ரோன் படத்தோட சேத்து அனுப்பிச்சாரே, வீட்டுல எல்லாருக்கும் போட்டுக் காட்டுனேன், என் சம்சாரம் அழுதுருச்சு. அத வையுங்க. நாலாவது கீலாவதெல்லாம் வேண்டாமுங்க. ‘அகில இந்திய அளவில் சாதனை’ன்னு எழுத்துப் போட்டு முடிச்சுருங்க.”

முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன்.

வைத்தேன். கொட்டகையையும் வைத்தேன். நாற்பது நிமிடம் ஆயிற்று.

ஜனவரி 10, சனி

திரையிடல். ஏழாவது பிளாக்கின் ஆடிட்டோரியம், இரண்டாயிரம் பிள்ளைகள். சிறப்பு விருந்தினர் திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருப்பவர். மூன்றாவது வரிசையில் சுகப்பிரியாவின் அப்பாவும் அம்மாவும். அம்மா பட்டுப் புடவை, கழுத்தில் அந்தச் செயின்.

ஏரிக்கரை ஷாட் வந்தபோது அரங்கமே எழுந்து விசிலடித்தது. நான் பின்னால் சவுண்டு மேஜை பக்கத்தில் நின்றேன். பதினான்கு வருடமாக எந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தேனோ அந்தச் சத்தம். காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றியது. ஆட்டுக் கொட்டகை வந்தபோது அம்மா குனிந்துகொண்டாள். அப்பா நேராகத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

படம் முடிந்ததும் பனியன் கம்பெனிக்காரர் மைக்கைப் பிடித்தார். நடிப்பில்லை, நிஜமாகவே அழுதிருந்தார். “இந்தப் புள்ள இனிமே வெறுங்கால்ல ஓடக் கூடாதுங்க!” என்றார். டிரைவரை அனுப்பி, காரில் தனக்காக வாங்கி வைத்திருந்த புது ஷூப் பெட்டியை எடுத்துவரச் சொன்னார். ஒரே கைதட்டல். சுகப்பிரியாவை மேடைக்குக் கூப்பிட்டார்கள்.

“ஏம்மா, சின்ன வயசுல இருந்தே வெறுங்கால்தானா?”

அவள் மைக்கைப் பார்த்தாள். அப்பா அம்மாவைப் பார்த்தாள். பிறகு அத்தனை தலைகளுக்கும் மேலாகப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தாள்.

“ஆமாங்க சார்” என்றாள்.

ஷூவை வாங்கிக்கொண்டு இறங்கினாள்.

கூட்டம் கலைந்தபோது மரகதம் மேடம் என்னிடம் வந்தார். விசில் இல்லை, புடவையில் இருந்தார்.

“அந்த ஏரிக்கரை எந்தத் தேதிங்க எடுத்தீங்க?”

“ஆறாம் தேதி.”

“எத்தன தடவ?”

“பதினொன்னு.”

“எல்லாரும் அவ மூஞ்சியப் பாத்து அழுதாங்க. நான் காலப் பாத்தேன். எடது குதிகால் தரையில படவேயில்ல. முன்பாதத்துலயே குதிச்சுக் குதிச்சு வர்றா. கேமராவுக்குப் பின்னாடி நின்னவருக்கு அது தெரியலீங்களா?”

தெரிந்தது என்றேன். அதைத்தான் அழகு என்று நினைத்தேன் என்றும் சொன்னேன். மேடம் என்னை மேலிருந்து கீழ்வரை ஒரு முறை பார்த்தார். இத்தனை நாள் இந்த ஊரில் எல்லாரையும் நான் பார்த்த பார்வை அது. திரும்பிப் போய்விட்டார்.

ஜனவரி 11, ஞாயிறு

காலையில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். தாளாளரின் சம்பந்தி நாமக்கல்லில் கல்லூரி வைத்திருக்கிறாராம், அங்கே ஒரு கபடி டீம் இருக்கிறதாம், என்னைப் போல் ஒருவர்தான் வேண்டுமாம். காலையிலிருந்து இரண்டு முறை போன் வந்தது. எடுக்கவில்லை. ஆதிரைக்கு நான் போன் செய்தேன். தியேட்டர் படமெல்லாம் ஒன்றும் இல்லை என்று சொன்னேன். “தெரியும்ப்பா” என்றாள்.

பஸ் ஸ்டாப்பில் சுகப்பிரியா வந்து நின்றாள். கையில் ஷூப் பெட்டி. கொஞ்சம் தள்ளிப் பிரகதி, வழக்கம்போல் முறைத்துக்கொண்டு.

“அம்மா கோவிச்சுக்கிட்டாங்களா?” என்றேன்.

“கொஞ்சம் சார். அப்பா ராத்திரி சாப்பிடல. சரியாயிரும்.”

“அந்த மைக்... அன்னிக்கு ஆன்லயே இருந்துச்சும்மா. எல்லாத்தையும் கேட்டேன்.”

அவள் முகம் சட்டென்று மாறியது. “ஐயோ சார், பிரகதி உங்கள ரொம்பத் திட்டியிருப்பாளே? மனசுல வச்சுக்காதீங்க, அவ அப்படித்தான்.”

மன்னித்துவிடு என்று சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன், ஆனால் அப்போது ஒரு டவுன் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அவளுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. இன்னொரு டேக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

“இனி என்னம்மா பண்ணுவ?”

“கேம்பஸ்ல சென்னைல ஒரு கம்பெனில எடுத்திருக்காங்க சார். கஸ்டமர்கிட்ட போன்ல பேசற வேலை. நாள் பூரா உக்காந்தேதான் இருக்கணுமாம்.” சிரித்தாள். “காலுக்கு நல்லதுதான்.”

சேலம் பஸ் வந்தது. ஏறும்போது பெட்டியை என் கையில் வைத்தாள்.

“இது எனக்கு ரொம்பப் பெருசு சார். ஆம்பளைங்க போடறது. நீங்க போட்டுக்குங்க.”

வேண்டாம் என்று சொல்வதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ரோட்டைத் தாண்டி ஹாஸ்டலுக்குப் போய்க்கொண்டிருந்தாள். இடது காலை இன்னும் முழுதாக ஊன்றவில்லை.

ஆத்தூர் ரோடு தாண்டியதும் செருப்பைக் கழற்றினேன். ஊக்கை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். பெட்டியைத் திறந்து ஷூவைப் போட்டுப் பார்த்தேன்.

ஒன்பதாம் நம்பர். சரியாக இருக்கிறது.